நடைபாதையிலிருந்து வாடகை வீடு வரை: சென்னையில் வீடற்றோருக்காகப் பணியாற்ற வருவோருக்கு ஒரு வழிகாட்டி

இரவு நேரத்தில் உணவுப் பொட்டலங்களோடு வீதிக்கு வரும் இளைஞர் குழுக்கள் சென்னையில் நிறைய உண்டு. சில மாதங்கள் சென்றபின், பொட்டலம் வாங்கிய அதே முதியவர் அதே கடைவாசலில் படுத்திருப்பதைக் காணும்போது, அவர்களில் சிலராவது இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காகவும், சிறிய அறக்கட்டளை ஒன்றின் வழியாக வீடற்றோருக்குத் தங்குமிடம் தர நினைப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வரும் இடங்கள் சென்னையைச் சார்ந்தவை. சட்டங்களும் ஆவண நடைமுறைகளும் தமிழ்நாட்டின் பிற நகரங்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காப்பகத்தில் ஒரு படுக்கை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக வருபவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பாதி வழிகூட இல்லை. அடையாள ஆவணம், கையில் நிற்கும் வருமானம், வாடகைக்கு ஓர் அறை, அந்த அறை கைநழுவாமல் ஓராண்டாவது பார்த்துக்கொள்ளும் துணை ஆகிய நான்கும் சேராதவரை, காப்பகத்தில் இருப்பவர் எந்நேரமும் மீண்டும் நடைபாதைக்குத் திரும்பக்கூடியவரே. ஆகவே இக்கட்டுரை காப்பகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதற்குப் பின்னால் வரும் படிகளைப் பற்றியும் பேசுகிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடு என்று கணக்கில் வராத இடங்களில், அதாவது சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ்ப்பகுதி, கோயில் மண்டபம், ரயில் நிலைய மேடை போன்றவற்றில் வாழ்பவர்கள் வீடற்றோர் எனக் கொள்ளப்படுகிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு அவர்களைத் தனியே எண்ணினார்கள்; நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. ஒரே இரவில் எடுத்த கணக்கில் விடுபட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்பதைக் களத்தில் இருக்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். கணக்கெடுப்பவர் வரும் நேரத்தில் மூட்டை தூக்கப் போயிருப்பவரும், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரும் அந்த எண்ணிக்கையில் வருவதில்லை.

உணவு உரிமை வழக்கு என்று அறியப்படும் வழக்கில், 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுவதும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகங்கள் வேண்டும் என்பது அதன் சாரம். டெல்லியின் கடுங்குளிரில் தற்காலிகக் காப்பகம் ஒன்று அகற்றப்பட்டதையொட்டி எழுந்த விவகாரம் அது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம் வந்தபோது, இந்த அளவுகோலே அதற்கும் அடிப்படையாயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி விரிவுபடுத்தப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 67 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பதால், இந்த நகரத்துக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் தேவை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சென்னையில் இக்காப்பகங்களுக்குக் கட்டடம் தருவது பெரும்பாலும் மாநகராட்சி. அன்றாடம் நடத்துவது தொண்டு நிறுவனங்கள். புதிதாக வரும் நீங்கள் இந்த இரண்டு தரப்போடும் பழக வேண்டியிருக்கும்.

முதற்படி: பார்ப்பதும் கேட்பதும்

எந்தப் பகுதியில் பணியாற்றப் போகிறீர்களோ, அந்தப் பகுதியை முதலில் இரவு பத்து மணிக்கு மேலும், பிறகு விடியற்காலை ஐந்து மணிக்கும் நடந்து பாருங்கள். பகலில் பார்க்கும் வீதிக்கும் இதற்கும் தொடர்பே இராது. பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம் முதலிய வடசென்னைப் பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் படிக்கிறார்கள். பெண்கள் சுற்றுவட்டாரக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். பலரிடம் அதே தெருவின் பெயரைத் தாங்கிய வாக்காளர் அட்டையும் உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியோ கோயம்பேடு சந்தையைச் சுற்றியோ இருப்பவர்களில் பலர் தனியாக வந்த ஆண்கள்; சுமை தூக்குபவர்கள், சமையல் வேலைக்கு அழைத்துச் செல்லப்படுபவர்கள், வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அரசு மருத்துவமனை வாசல்களில் உள்நோயாளியோடு துணைக்கு வந்து படுத்திருப்பவர்கள் வேறொரு வகை. பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுச்சென்ற முதியவர்களும், மனநலம் குன்றி அலைபவர்களும் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் ஒரே தீர்வு பொருந்தும் என்று எண்ணுவதுதான் பல நல்ல முயற்சிகள் தோற்பதற்குக் காரணம்.

இருவராகச் செல்லுங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. படம் எடுக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே, "ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்காமல், குடிநீர் எங்கே பிடிக்கிறார்கள், கழிப்பறைக்கு எங்கே போகிறார்கள், சாமான்களை எங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் பதிலிலேயே அவர்களின் நாள் எப்படிப் போகிறது என்பது தெரிந்துவிடும். கட்டணக் கழிப்பறைக்கும் குளியலுக்கும் நாள்தோறும் அவர்கள் கொடுக்கும் தொகையைக் கூட்டிப் பார்த்தால், வீடில்லாமல் இருப்பதற்கும் செலவு உண்டு என்பது விளங்கும். பெயரும் கதையும் மூன்றாவது நான்காவது சந்திப்பில் தானாக வரும்.

இடையில் ஒரு சொல். சென்னையில் கம்பளி விநியோகிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கியதே இல்லை. இங்கே வீதியில் படுப்பவர்களை வாட்டுவது கொசுவும், வடகிழக்குப் பருவமழையும், கோடை வெயிலும்தான். நன்கொடையாளர் எதைத் தரலாம் என்று கேட்டால், தார்ப்பாய், கொசுவலை, பூட்டு உள்ள பெட்டி, பெண்களுக்கு நாப்கின் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: எவரை எங்கே அழைத்துச் செல்வது

குழந்தை தனியாக இருந்தால், எந்தக் காரணத்தாலும் உங்கள் வீட்டுக்கோ உங்கள் அமைப்பின் இடத்துக்கோ அழைத்துச் செல்லக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, அத்தகைய குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். பெற்றோரோடு நடைபாதையில் வாழும் குழந்தை இந்த வகையில் சேராது. வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது உதவியாகாது. அந்தக் குழந்தைக்குத் தேவை பள்ளிச் சேர்க்கை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்கு 181 என்ற எண் உண்டு. முதியவருக்கு 14567, இது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. காயமோ காய்ச்சலோ உள்ளவருக்கு, காப்பகத்தைத் தேடுவதற்கு முன் 108. மற்றவர்களுக்குச் சென்னை மாநகராட்சியின் 1913.

மனநலம் பாதிக்கப்பட்டு அலைபவர் விஷயத்தில் புதியவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல் துறையிடம் ஒப்படைத்திருக்கிறது. அவரைக் காவல் நிலைய அறையில் அடைத்துவைக்கக் கூடாது. காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடும் கடமையும் நிலைய அதிகாரிக்கு உண்டு. இந்தப் பிரிவைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் நிலையத்தில் இருப்பவரே அதை முதன்முறையாகப் படிப்பார். கயிற்றால் கட்டுவது, முடியை வலுக்கட்டாயமாக வெட்டுவது, அதைக் காணொளியாக வெளியிடுவது ஆகியவற்றைச் சேவை என்ற பெயரில் செய்பவர்களோடு எந்த உறவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: காப்பகத்தில் சேர்த்தல்

எவரையும் அழைத்துச் செல்வதற்கு முன், நீங்கள் ஒருமுறை அந்தக் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆண்கள், பெண்கள், முதியோர், குடும்பங்கள், மனநலம் பாதிக்கப்பட்டோர், மருத்துவமனையில் துணையிருப்போர் என்று காப்பகங்கள் பிரிந்திருக்கின்றன என்பதால், காலியிடம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கேட்டால் போதாது. திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்கின்றன. ஒரு மேலாளரும், எட்டு மணி நேர முறையில் மாறிமாறிப் பணிபுரியும் மூன்று பராமரிப்பாளர்களும் இருக்க வேண்டும் என்கின்றன. கழிப்பறை, குடிநீர், சமையலறை, சாமான் வைக்கப் பூட்டுள்ள பெட்டி ஆகியவையும் அதில் உண்டு. நேரில் செல்லும்போது கழிப்பறையையும் அந்தப் பெட்டிகளையும் பாருங்கள். மற்றவை எப்படி இருக்கும் என்பதை அவை சொல்லிவிடும்.

காப்பகத்துக்கு வர மறுப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணவனையும் மனைவியையும் இரண்டு காப்பகங்களுக்குப் பிரிக்க வேண்டியிருக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கதவு மூடப்படும் இடத்தில், நள்ளிரவில் காய்கறி மூட்டை இறக்கும் தொழிலாளி எப்படித் தங்க முடியும்? தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது, வளர்த்த நாயை எங்கே விடுவது என்பன அவர்களுக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. இவற்றை மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, நேரத்திலும் விதியிலும் சற்றே நெகிழ்வு கிடைக்குமானால், மறுத்தவர்களில் பலர் வருவார்கள். வர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அவரைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். பொழுது மாறி, காய்ச்சல் வந்து, மழை பிடித்து அவரே கேட்கும் நாள் வரும்போது, அவருக்குத் தெரிந்த முகமாக நீங்கள் அங்கே இருப்பதே பெரிது.

சேர்க்கும் நாளில் மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். நெருங்கிப் படுக்கும் இடத்தில் ஒருவருக்கு இருப்பது பலருக்குப் பரவும், அரசு மருத்துவமனையில் அதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

நான்காம் படி: ஆவணங்கள்

பெரும்பாலான குழுக்கள் களைத்துப்போவது இங்கேதான். முகவரி இல்லாமல் ஆவணம் கிடைக்காது, ஆவணம் இல்லாமல் முகவரி கிடைக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விதிகளிலேயே சில வழிகள் இருக்கின்றன; அவற்றை அலுவலகத்தில் இருப்பவருக்கும் சேர்த்து நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆதாரில் தொடங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் தலைமைப் பொறுப்பாளர், ஆதார் ஆணையம் வகுத்த படிவத்தில், புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்டுத் தரும் சான்றை அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் படிவம் கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்று மாதம் வரைதான் செல்லும் என்பதால், மையத்துக்குப் போகும் வாரத்திலேயே அதைத் தயார்செய்யுங்கள். ஆதார் தொலைந்துவிட்டது என்று சொல்பவருக்குப் புதிதாகப் பதிய முயலாதீர்கள். விரல் ரேகை ஏற்கெனவே பதிவில் இருந்தால் புதிய பதிவு நிராகரிக்கப்படும், அலைச்சல்தான் மிஞ்சும். பழைய எண்ணைக் கண்டுபிடித்துத் தரும்படி ஆதார் சேவை மையத்தில் கேளுங்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் கையாண்டு ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழிப் பதிவைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

வாக்காளர் அட்டையில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் தாம் படுக்கும் இடத்தையே வீடற்றவர் முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, ஒருமுறைக்கு மேற்பட்ட இரவுகளில், அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு உறுதியானால் வசிப்பிடத்துக்கு வேறு ஆவணம் கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். அலுவலர் வரும் இரவுகளில் விண்ணப்பித்தவர் வேலைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வங்கிக் கணக்குக்கு எந்த ஆவணமும் இல்லாதபோது, சிறு கணக்கு என்ற வகை இருக்கிறது. வங்கி அலுவலர் முன்னிலையில் புகைப்படத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைத்து அதைத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது போன்ற வரம்புகள் அதற்கு உண்டு. முதலில் 12 மாதமே செல்லும், அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீளும். நடைபாதையில் கையில் பணம் வைத்திருப்பவர் தூங்கும்போது அதை இழப்பது வழக்கமாக நடக்கும் என்பதால், இந்தக் கணக்கு ஒரு பூட்டைப் போலவே உதவும்.

இவை கிடைத்தபின் குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். 60 வயது கடந்த ஆதரவற்றவருக்குத் தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய் என 2023இல் உயர்த்தப்பட்ட உதவித்தொகை, ஓர் அறையின் வாடகையில் ஒரு பங்கையாவது தாங்கும். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர் விரும்பினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விரும்பினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை மேல் மனு போடுவதைவிட நடைபாதையே மேல் என்று சொல்லும் தாய்மார்கள் அதிகம், அந்த முடிவு அவர்களுடையது.

எல்லா ஆவணத்துக்கும் நகல் எடுத்து, ஒரு தொகுதியைக் காப்பகத்திலும் ஒரு தொகுதியை உரியவரின் ஒப்புதலோடு உங்கள் அலுவலகத்திலும் பூட்டி வையுங்கள். மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: சம்பாத்தியமும் சேமிப்பும்

வீடற்றவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே உழைப்பவர்கள். அவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்ற பெயரில் மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. இருக்கும் வேலையில் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, இடைத்தரகர் எவ்வளவு எடுக்கிறார், தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு உண்டா என்று பாருங்கள். தெருவில் வியாபாரம் செய்பவருக்கு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் பெற்றுத்தருவது, அவருடைய கடையைக் காப்பாற்றும். அந்தச் சான்றை வைத்து வங்கிக் கடனும் கேட்கலாம். உணவுக்கு அம்மா உணவகம் அருகில் இருந்தால் ஒரு நாளின் சாப்பாட்டுச் செலவு வெகுவாகக் குறையும். அங்கே இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். மிச்சமாவதை வாரந்தோறும் கணக்கில் போடும் பழக்கம் வந்தால், அட்வான்ஸ் தொகையின் ஒரு பகுதியை அவரே சேர்த்துவிடுவார்.

ஆறாம் படி: வாடகை வீடு

காப்பகத்திலிருந்து ஒருவர் வெளியேறும் நாளுக்கான திட்டத்தை, அவர் உள்ளே வந்த வாரத்திலேயே அவரோடு உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள். எங்கே வேலை, எவ்வளவு வாடகை தாங்கும், தனியாக இருப்பாரா, இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வாரா என்பவற்றை அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும்.

வேலைக்கு அருகில் வீடு என்பதை எக்காரணத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளில் அரசு கட்டிய அடுக்ககங்கள் நகரின் தென்கோடியில் இருக்கின்றன. பாரிமுனையில் விடியற்காலையில் மூட்டை தூக்குபவருக்கோ, பூ கட்டி விற்கும் பெண்ணுக்கோ, அங்கிருந்து வந்துபோகும் செலவும் நேரமும் கூலியைத் தின்றுவிடும். அங்கே வீடு பெற்றவர்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புவதை நன்றியின்மை என்று சிலர் பேசுவதுண்டு; அவர்கள் ஒருமுறை அந்தப் பேருந்தில் காலை நான்கு மணிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிப்பது தவறில்லை. ஆனால் எந்தத் திட்டப் பகுதி என்பதைக் கேட்டு, குடும்பத்தோடு அங்கே நேரில் போய்ப் பார்த்து, பள்ளி, பேருந்து, வேலை மூன்றையும் எண்ணிய பிறகே சம்மதிக்கச் சொல்லுங்கள்.

தனியார் வாடகையில் முதல் தடை அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இந்தச் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது. பேச்சைத் தொடங்குவதற்கு அது உதவும். எழுத்து வடிவில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவுசெய்யுங்கள். அந்த ஒப்பந்தமே அடுத்து வரும் எல்லா ஆவணங்களுக்கும் முகவரிச் சான்று.

இரண்டாவது தடை, வீட்டுக்காரரின் தயக்கம். சாதி, தொழில், தனியாக வாழும் பெண் என்ற நிலை, திருநங்கை என்ற அடையாளம் எல்லாம் இங்கே குறுக்கே நிற்கும். உங்கள் அமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாடகைக்குப் பொறுப்பேற்பது ஒரு வழி. அமைப்பின் பெயரில் வீட்டை எடுத்து, குடியிருப்பவரிடம் சிறு பங்கை வாங்குவது இன்னொரு வழி. முதலாவதில் வீடு அவருடையதாகவே இருக்கும் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். நோயோ முதுமையோ காரணமாக ஒருவரால் தனியாகச் சமாளிக்க முடியாதபோதுதான் இரண்டாவது தேவைப்படுகிறது. அட்வான்ஸுக்கென்று ஒரு சுழல் நிதியை ஒதுக்குங்கள். ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது திரும்பும் தொகை அடுத்தவருக்குப் போகும் என்பதால், உணவுக்குச் செலவாகும் நன்கொடையைவிட இது நீண்ட காலம் உழைக்கும்.

மனநலம் பாதிக்கப்பட்டு நெடுங்காலம் நிறுவனங்களில் இருந்தவர்களுக்கு வீடு சாத்தியமா என்று கேட்பவர்கள், சென்னையின் பான்யன் அமைப்பு செய்திருப்பதைப் பார்க்கலாம். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் தொடங்கிய அந்த அமைப்பு, வீதியில் அலைந்த பெண்களுக்கான இடைக்காலப் பராமரிப்பில் தொடங்கி, 2015 முதல் நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் வாடகை வீடுகளைச் சாதாரணக் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே ஏற்படுத்தி வருகிறது. சமையல், கடைக்குப் போவது, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் அங்கே அவர்களுடையவை. துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். புறநகரில் மதிற்சுவர் எழுப்பிப் பெரிய இல்லம் கட்ட நினைக்கும் நன்கொடையாளரிடம், அதே பணத்தில் இப்படி எத்தனை வீடுகளை எடுத்து நடத்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புகிறவருக்கு, முதலில் குடும்பத்தோடு தொலைபேசியில் பேசி, அங்கே என்ன நிலைமை என்பதை அறிந்து, கூடவே ஒருவரை அனுப்புங்கள். வண்டியேற்றிவிட்டு எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வது மறுவாழ்வு ஆகாது.

ஏழாம் படி: குடியேறிய பின்

முதல் மூன்று மாதங்களே ஆபத்தானவை. பாத்திரம், அடுப்பு, பாய், மின்விசிறி ஆகியவற்றை முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். வெறும் அறையில் எவரும் நிலைப்பதில்லை. பல ஆண்டுகள் கூட்டத்துக்கு நடுவே உறங்கியவருக்குத் தனியறையில் தூக்கம் வராமல் போவது இயல்பு. பழைய நண்பர்களைப் பார்க்க அவர் வீதிக்குப் போவதைத் தடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை நீங்கள் போய் வாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை. வாடகை தவறினால் வீட்டுக்காரர் முதலில் உங்களை அழைக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு மாத வாடகையைக் கடனாகத் தரும் அளவுக்குக் கையில் நிதி இருந்தால், மருத்துவச் செலவோ வேலையிழப்போ வந்து வீட்டை இழக்கும் பலரைத் தடுத்துவிடலாம்.

தனியே காப்பகம் நடத்த விரும்பும் அமைப்புகளுக்கு

ஓராண்டாவது மேற்சொன்ன பணிகளைச் செய்த பிறகே இதில் இறங்குங்கள். அமைப்பை அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்திலோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்திலோ, கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவிலோ பதிய வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் அறநிறுவனத்துக்குரிய பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண், ஆண்டுத் தணிக்கை ஆகியவை இல்லாமல் மாநகராட்சியோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ உங்களை எட்டிப் பார்க்காது. பெண்களோ குழந்தைகளோ தங்கும் இல்லம் எனில் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் சட்டப்படி உரிமம் கட்டாயம். குழந்தைகளுக்கான இல்லத்துக்குச் சிறார் நீதிச் சட்டப் பதிவு வேறு.

மாநகராட்சி அறிவிக்கும் வேளையில் விருப்பம் தெரிவித்து விண்ணப்பித்துக் கட்டடம் கிடைத்தால், பராமரிப்புத் தொகை தவணையாக வரும், அது எப்போதும் நாள் தவறாமல் வருமென்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே குறைந்தது ஆறு மாதச் சம்பளமும் மளிகையும் தாங்கும் இருப்பு இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். பராமரிப்பாளர் சம்பளத்தில் சிக்கனம் பிடித்தால், இரவுப் பணிக்கு ஆள் நிற்காது. இரவில் ஆள் நிற்காத காப்பகத்தில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன்பு அங்கே தங்கியவர்களில் தகுதியானவரைப் பணிக்கு எடுப்பது நல்ல பலன் தரும்.

தங்குபவர்களின் பிரதிநிதிகளும் இடம்பெறும் மேலாண்மைக் குழுவை அமைத்து, மாதம் ஒருமுறையாவது கூட்டுங்கள். உணவுப் பட்டியலும் கதவு மூடும் நேரமும் அங்கே முடிவாகட்டும். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், வயது, உறவினரின் தொடர்பு, நோய் விவரம், வெளியேறிய நாள், எங்கே போனார் என்பவற்றை எழுதுங்கள். எங்கே போனார் என்ற அந்தக் கடைசிக் கட்டத்தைப் பல பதிவேடுகளில் நிரப்புவதே இல்லை. எத்தனை பேர் தங்கினார்கள் என்ற எண்ணை நன்கொடையாளர் கேட்பார். எத்தனை பேர் வாடகை வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்தும் அங்கே இருக்கிறார்கள் என்ற எண்ணை, எவரும் கேட்காவிட்டாலும் உங்கள் குழு ஆண்டுக்கு இருமுறை நேரில் சென்று சரிபார்த்து எழுத வேண்டும்.